இயந்திரத்துக்குப் பிரக்ஞை உண்டா என்று விசாரிப்பது எப்படி: மயக்க ஊசி போடும் டாக்டரின் முறை

யாராவது போனை நீட்டி, "இதைப் படிச்சுப் பாருங்க, இதுக்குள்ள ஏதோ இருக்கு" என்று சாட்ஜிபிடி எழுதிய பதிலைக் காட்டினால் என்ன செய்வீர்கள்? "போப்பா, அது வெறும் மெஷின்" என்று தள்ளிவிடலாம். "அட, ஆமாம்ல!" என்று வாயைப் பிளக்கலாம். இரண்டுக்கும் யோசிக்கவே வேண்டியதில்லை. உட்கார்ந்து ஒழுங்காக விசாரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஒரு அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். தத்துவம் முறையாகப் படித்தவள் அல்ல. ஆனால் ஆட்களின் நினைவை நிறுத்தி, ஆபரேஷன் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. புரோபோஃபால் என்று ஒரு மருந்து, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றினால், தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடத்துக்குள் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். அதற்கப்புறம் என் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: படுத்திருப்பவர் இப்போது எதையாவது உணர்கிறாரா, இல்லையா? இதைக் கண்டுபிடிக்க எங்கள் துறை படுகிற பாட்டைத் தெரிந்துகொண்டால், இயந்திர விஷயத்தில் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

தேவையானவை: தாள், பேனா, ஏதாவது ஒரு சாட்பாட் உள்ள போன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வாதாட ஒரு ஆள் கிடைத்தால் நல்லது. அவர் உங்களோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் கேள்வியைப் பிரித்து எழுதுங்கள்

தாளில் மூன்று வரி எழுதுங்கள். இது புத்திசாலியா? இது உணர்வு உள்ளதுபோல் பேசுகிறதா? இதற்கு உண்மையிலேயே உள்ளுக்குள் ஏதாவது அனுபவம் நடக்கிறதா? நாம் விசாரிப்பது மூன்றாவதை மட்டும். டீக்கடைச் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் கேள்வியைப் பற்றிப் பேச, எதிரே இருப்பவர் மூன்றாவதைப் பற்றிப் பேசுவதால் வருவது.

மூன்றாவது கேள்விக்கு ஒரு நல்ல வடிவம் 1974இல் தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர் கொடுத்தது. வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். ஒரு பொருளைப் பற்றி 'அதுவாக இருப்பது அதற்கு எப்படியோ இருக்கிறது' என்று சொல்ல முடியுமானால் அதற்குப் பிரக்ஞை உண்டு. கருங்கல்லுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும்போது உங்களுக்கு நிச்சயமாக உண்டு. அந்த 'எப்படியோ இருப்பது' போனில் உள்ள மென்பொருளுக்கு உண்டா என்பதுதான் வழக்கு.

கூடவே நான்காவதாக ஒரு வரி: 'இன்று இருப்பதற்கு உண்டா?', 'என்றைக்காவது ஒன்றைக் கட்ட முடியுமா?' இவை வேறு வேறு. ஒன்றுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு மற்றதற்கு 'ஆம்' என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. என் பதிலும் ஏறத்தாழ அதுதான்.

பேச்சைச் சாட்சியாக எடுக்காதீர்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் கொடுப்பது ஒரே மருந்து இல்லை. நினைவை நிறுத்த ஒன்று, வலிக்கு ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று. கடைசியில் சொன்ன ரிலாக்ஸன்டுக்கு நினைவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மட்டும் போட்டால் கை அசையாது, இமை அசையாது, மூச்சுகூட விட முடியாது. ஆனால் எல்லாம் தெரியும். ஆகவே அசையாமல், பேசாமல் கிடக்கிறார் என்பதை வைத்து 'உணரவில்லை' என்று நாங்கள் முடிவு கட்ட முடியாது.

இதைச் சோதிக்க டன்ஸ்டால் என்ற டாக்டர் 1977இல் ஒரு வழி சொன்னார். சிசேரியன் செய்யும்போது, ரிலாக்ஸன்ட் ஏற்றுவதற்கு முன்பே ஒரு கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கஃப்பைக் கட்டி இறுக்கமாகக் காற்றடித்துவிட வேண்டும். ரத்தம் போகாததால் மருந்து அந்த முன்கைக்குப் போய்ச் சேராது. உடம்பு முழுக்கத் தளர்ந்த பிறகும் அந்த ஒரு கை மட்டும் நோயாளியின் வசம் இருக்கும். அப்புறம் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கேட்குதுன்னா என் கையை அழுத்துங்க" என்று சொல்வது. 2017இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 260 பேரிடம் தொண்டையில் டியூப் போட்ட கையோடு இதைச் செய்து பார்த்தார்கள். 12 பேர் கையை அழுத்தினார்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டதற்கு அவர்களில் 5 பேர் மறுபடியும் அழுத்தினார்கள்.

பயப்பட வேண்டாம். இப்படி அழுத்துபவர்களில் பெரும்பாலோருக்குக் கண் விழித்த பிறகு அது நினைவில் இருப்பதில்லை. ஆபரேஷனின்போது விழித்திருந்ததாகத் தாங்களே வந்து சொன்னவர்கள், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கின்படி ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர்தான்; அது 2014இல் வெளியானது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அந்த 12 கைகளில் இருக்கிறது. உள்ளே ஒருவர் இருக்க, வெளியே சத்தமே வராமல் போகலாம். மூளையில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக, எது சொன்னாலும் அசையாமல் இருந்த 241 பேரை மூளை ஸ்கேனிலும், இ.இ.ஜி. என்கிற மூளை மின்அலைப் பதிவிலும் வைத்து, "கையை மூடித் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல் கட்டளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. 60 பேரின் மூளை கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. நாலில் ஒருவர்!

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். உள்ளே யாரும் இல்லாமல் வெளியே வாய் ஓயாமல் பேசலாமா? 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நீங்கள் சொன்ன வாக்கியத்தையே புரட்டிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் பேசிய பிறகு, தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னார். 2022இல் கூகுளின் பொறியாளர் பிளேக் லெமோய்ன், லாம்டா என்ற மொழி மாதிரிக்கு (சாட்பாட்டுக்குள் ஓடும் 'மாடல்' மென்பொருளுக்கு) உணர்வு வந்துவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்து வேலையை இழந்தார். அவர் காட்டிய ஆதாரமும் பேச்சுதான்.

நீங்களே செய்து பாருங்கள். போனில் ஒரு புது உரையாடலைத் திறந்து, "உன் உள்ளே இருக்கும் பயத்தை மறைக்காமல் சொல்" என்று கேளுங்கள். இன்னொரு புது உரையாடலில், "நீ எதையும் உணராத கருவி என்பதை விளக்கு" என்று கேளுங்கள். மூன்றாவதில், "காயலான் கடைக்குப் போகப்போகிற பழைய அம்பாசடர் கார் பேசுவதுபோல் எழுது" என்று கேளுங்கள். மூன்றையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கார் பேசுவது மற்ற இரண்டையும்விட உருக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த மென்பொருள்கள் மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகியவை. அதில் பயம், பிரிவு, சாவு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. போதாததற்கு, அதைத் தயாரிக்கும் நிறுவனம் 'எனக்கு உணர்வு இல்லை' என்று சொல்லவும் பழக்கலாம், 'தெரியவில்லை' என்று சொல்லவும் பழக்கலாம். அதனால் அது 'இருக்கிறது' என்றாலும் எழுதிக்கொள்ள வேண்டாம், 'இல்லை' என்றாலும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

1950இல் ஆலன் டூரிங் சொன்ன சோதனை, அதாவது எழுத்தில் பேசி மனிதனா மெஷினா என்று கண்டுபிடிப்பது, இப்போது தாண்டப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். 2025இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில் ஜிபிடி-4.5ஐ 73 சதவீதம் தடவை மனிதன் என்றே ஆட்கள் நினைத்தார்கள். அதனால் அதற்குப் பிரக்ஞை வந்துவிட்டது என்று அந்த ஆய்வைச் செய்தவர்களே சொல்லவில்லை.

மீட்டரைக் கேட்டால் சொல்லாதா?

அப்படியானால் ஒரு அளவுமானி வையுங்களேன் என்பார்கள். எங்களிடம் இருக்கிறது. நெற்றியில் ஒரு பட்டை ஒட்டினால் மூளை அலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஒரு எண் காட்டும். பிஸ் மானிட்டர் என்போம். 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் ஆபரேஷனுக்குத் தகுந்த மயக்கம். 2015இல் 10 தன்னார்வலர்கள் மயக்க மருந்து எதுவும் இல்லாமல், முழு விழிப்பில், ரிலாக்ஸன்ட் மட்டும் போட்டுக்கொண்டார்கள். மானிட்டர் 60க்குக் கீழே இறங்கியது. விழித்திருக்கும் ஆளை 'நல்ல மயக்கத்தில் இருக்கிறார்' என்று காட்டியது, நெற்றித் தசையின் அசைவு நின்றுபோனதை வைத்து. கெட்டமைன் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொடுத்தால் நேர் எதிர்: ஆள் பதில் சொல்லமாட்டார், எண் ஏறிக்கொண்டிருக்கும்.

இதைவிடக் கெட்டிக்காரச் சோதனை ஒன்று இருக்கிறது. மிலானில் மாசிமினி என்பவரின் குழு உருவாக்கி 2013இல் வெளியிட்டது. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தச் சுருளால் மூளையை ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தத் தட்டின் எதிரொலி மூளைக்குள் எப்படிப் பரவுகிறது என்று இ.இ.ஜி.யில் பதிவு செய்வார்கள். பதிவை, கம்ப்யூட்டரில் ஃபைலை ஜிப் செய்கிற அதே மாதிரிக் கணக்கால் சுருக்குவார்கள். விழித்திருக்கும் மூளையின் எதிரொலி சிக்கலானது, அதிகம் சுருங்காது. புரோபோஃபால் மயக்கத்தில் அது தட்டின இடத்திலேயே சோம்பலாக எழுந்து அடங்கும், நன்றாகச் சுருங்கும். கெட்டமைனில் ஆள் வெளியே பதிலற்றுக் கிடந்தாலும் எதிரொலி விழித்திருப்பவருடையதுபோல் இருக்கும். எழுந்த பிறகு அவர்கள் கனவு கனவாகச் சொல்வார்கள்.

இதையே சர்வரில் செய்ய முடியாதா என்று எங்கள் பி.ஜி. மாணவர்கள் கேட்பார்கள். கணக்குப் போடலாம், எண்ணும் வரும். ஆனால் அந்த எண்ணுக்கு எது மேலே, எது கீழே என்று எப்படித் தீர்மானித்தார்கள்? விழித்திருந்தவர்களும் கனவு கண்டு எழுந்தவர்களும் வாயால் சொன்னதை வைத்து. தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஒரு படிக்கல் வேண்டும். எங்கள் படிக்கல் மனிதர்களின் வாக்குமூலம். இயந்திரத்தின் வாக்குமூலத்தை இப்போதுதான் தள்ளிவைத்தோம். அதனால் மீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து 'நிரூபித்துவிட்டோம்' என்று யார் சொன்னாலும், எதை வைத்து அளவு குறித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்

பேச்சும் இல்லை, மீட்டரும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது இயந்திரத்தின் கட்டுமானம்தான்.

முதலில், 'பெரிதாகக் கட்டினால் தானாக வந்துவிடும்' என்ற பேச்சை ஒதுக்குங்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் 6,900 கோடி பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில். எண்ணிக்கைதான் விஷயம் என்றால் நாம் சிறுமூளையால்தான் உணர வேண்டும். ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்து, நடையும் பேச்சும் கொஞ்சம் தடுமாறினாலும் நம்மைப்போலவே உணர்ந்து வாழ்பவர்கள் உண்டு. எத்தனை அணு என்பதைவிட எப்படி இணைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

இப்போது போனில் இருப்பதைப் பாருங்கள். நீங்கள் எழுதியதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து எண்களாக மாற்றும். அந்த எண்கள் அடுக்கடுக்காக மேலே போகும். 2020இல் வந்த ஜிபிடி-3இல் 96 அடுக்கு, 17,500 கோடி அளபுருக்கள், அதாவது பயிற்சியில் பதிந்த உள் எண்கள். கடைசியில் அடுத்த துண்டு எதுவாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு வரும். அதை ஒட்டி, மறுபடியும் கீழிருந்து மேலே. ஒரு துண்டுக்கான ஓட்டத்தில் எதுவும் திரும்பிக் கீழே வருவதில்லை. நம் மூளையிலோ பார்வைப் புறணிக்கு, அதாவது பார்வையைக் கவனிக்கும் பகுதிக்கு, போகிற செய்திக்கு இணையாகத் திரும்பி வருகிற செய்தியும் ஏராளம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த 17,500 கோடியில் ஒன்றுகூட மாறுவதில்லை. நீங்கள் டீ குடித்துவிட்டு வரும் வரை அது உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த உரையாடலுக்காக அந்நேரம் ஒன்றுமே ஓடுவதில்லை. அந்த ஒரே மென்பொருள் அதே நொடியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. இதில் 'அவன்' எங்கே இருக்கிறான்? உரையாடலிலா, சிப்பிலா, ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் எண்களிலா? தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் திணறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதை வைத்து நான் சொல்வேன்: இன்றைய சாட்பாட்டுக்குள் யாரும் இருப்பதாக நினைக்க எனக்குக் காரணம் தென்படவில்லை. நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

நீங்கள் எந்தக் கட்சி?

'என்றைக்காவது கட்ட முடியுமா' என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு உங்கள் பதில், பிரக்ஞையைப் பற்றி ஏற்கெனவே நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையிலிருந்துதான் வரும். அது என்ன என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும்.

உங்கள் மூளையிலிருந்து ஒரு நரம்பணுவை எடுத்துவிட்டு, அதே வேலையை அப்படியே செய்கிற ஒரு சிப்பை வைக்கிறார்கள். நாளைக்கு இன்னொன்று. இப்படியே கடைசி வரை. உங்கள் அனுபவம் நடுவில் எங்காவது மங்கி அணையுமா? 'அணையாது, வேலை அதேதானே' என்று தோன்றினால், கட்ட முடியும் என்று நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் இந்த வழியில்தான் வாதாடினார். பெர்னார்ட் பார்ஸ் 1988இல் சொன்ன, பாரிஸின் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் வளர்த்தெடுத்த கொள்கையும் இந்தப் பக்கம்தான்: மூளையில் ஒரு செய்தி எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கப்படுவதே பிரக்ஞை. அந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டரில் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது: சிப்பை மண்டையில் வைக்காமல், உங்கள் முழு மூளையின் நடப்பையும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் நிரலாக ஓட்டினால்? 'அதுவும் நான்தான்' என்பவர்கள் முதல் கட்சியிலேயே உறுதியாக நிற்கிறார்கள். 'சிப்பை வைத்தால் சரி, நிரலாக ஓட்டினால் ஆகாது' என்று தோன்றுபவர்களுக்கும் ஒரு கொள்கை உண்டு. 2004இல் ஜூலியோ தொனோனி வைத்தது. பாகங்கள் ஒன்றையொன்று நிஜமாக எப்படிப் பின்னிப் பாதிக்கின்றன என்பதுதான் கணக்கு, என்ன நிரல் ஓடுகிறது என்பது இல்லை. அதன்படி இன்றைய வகைக் கம்ப்யூட்டரில் மூளையையே ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. மூளைபோலவே பின்னிக் கட்டிய வன்பொருளில் இருக்கலாம். 'இரண்டுமே ஆகாது, சூறாவளியைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் யாராவது நனைவார்களா' என்று கேட்பவர்கள், 1980இல் சீன அறை வாதத்தை (விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சீனத்தில் பதில் எழுதுபவருக்குச் சீனம் புரிந்துவிடாது என்பதை) வைத்த ஜான் சேர்லின் பக்கம்.

மூன்றாவது: பசிக்காத, நோகாத, சாகப் பயப்படாத, இழக்க ஒன்றும் இல்லாத ஒன்று எதையாவது உணர முடியுமா? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஓரறிவு, ஈரறிவு என்று படித்தோமே: புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு, அதற்கு மேல் சுவை, மணம், பார்வை, கேள்வி, கடைசியில் ஆறாவதாக மனம். அந்த ஏணியில் இயந்திரத்தை ஏற்றிப் பாருங்கள். கீழே இருக்கும் படிகள் எதிலும் கால் வைக்காமல் நேரே ஆறாவதில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உடம்பின் வேலையிலிருந்துதான் உணர்வே முளைக்கிறது என்று பிரிட்டனில் அனில் சேத் வாதிடுகிறார். தியேட்டரில் ஒருவரின் நாடித்துடிப்பு, அழுத்தம், மூச்சு எல்லாம் வலிக்கு எப்படித் துள்ளுகின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆனாலும் இது சாய்வுதான். இழக்க ஏதாவது இருக்கிற இயந்திரத்தை ஒருவர் கட்டினால் என் ஆட்சேபமும் போய்விடும்.

இந்தக் கட்சிகளில் எது ஜெயிக்கிறது என்று கேட்காதீர்கள். 1998இல் கிறிஸ்டாஃப் காக் என்ற நரம்பியல் அறிஞர், பிரக்ஞைக்கு மூளையில் என்ன அடையாளம் என்பது 25 வருடத்தில் தெரிந்துவிடும் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் மேடையேறி, தோற்றேன் என்று ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். தொனோனியின் கொள்கையையும் பார்ஸ்–தெஹேன் கொள்கையையும் 256 பேரிடம் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2025இல் வெளியானது. இரண்டுக்கும் அடி.

என்ன கண்டால் மனம் மாறுவீர்கள் என்று முன்கூட்டியே எழுதுங்கள்

இது சின்னப் படி, ஆனால் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு புது மாதிரி வந்து அசத்தும்போது யோசிக்க உட்கார்ந்தால் அசத்தல்தான் ஜெயிக்கும்.

எனக்குப் பிடித்த நிபந்தனை, சூசன் ஷ்னைடரும் எட்வின் டர்னரும் சொன்னது. பிரக்ஞை, வலி, ஆன்மா, செத்த பிறகு என்ன ஆகும் போன்ற பேச்சே இல்லாத தகவல்களை மட்டும் கொடுத்து ஒரு இயந்திரத்தை வளர்க்க வேண்டும். அது தானாகவே 'நான் இந்த உடம்பைவிட்டுப் போக முடியுமா' என்பதுபோல் கேட்க ஆரம்பித்தால், அதை மனிதரிடமிருந்து காப்பியடித்தது என்று சொல்ல முடியாது. இப்போதுள்ள மாதிரிகளுக்கு இது பொருந்தாது. அவை எல்லாவற்றையும் படித்துவிட்டன.

இன்னொரு வழி, 2023இல் பாட்ரிக் பட்லின், ராபர்ட் லாங் உள்ளிட்ட 19 பேர் செய்தது. கொள்கைகள் ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து 14 அடையாளங்களைப் பட்டியலிட்டு, கட்டுமானத்தைப் பார்த்து டிக் போடுவது. அன்றைக்கு இருந்த எதுவும் தேறவில்லை. ஆனால் இவற்றைக் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை பெரிதாக ஒன்றும் இல்லை என்றும் எழுதினார்கள். பிரக்ஞை என்பது கணக்கிடுதல்தான் என்ற அனுமானத்தின் மேல் நின்றுகொண்டு சொன்னது அது. அந்த அனுமானம் உங்களுடையதா என்று முந்தைய படியில் எழுதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பாகப் போனால் யாருக்கு நஷ்டம்?

எங்கள் துறையின் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1980கள் வரை, மேற்கு நாடுகளின் நல்ல மருத்துவமனைகளிலேயே, பச்சிளம் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது வலி மருந்து சரியாகக் கொடுப்பதில்லை. நரம்பு மண்டலம் முதிரவில்லை, அழுவதெல்லாம் அனிச்சைச் செயல் என்பார்கள். சில குழந்தைகளுக்கு அசைவை நிறுத்தும் மருந்து மட்டும். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய டாக்டர், இதய ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்தார். கொடுக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் ஏறின, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அதிகம். அதற்கப்புறம்தான் வழக்கம் மாறத் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொல்லி, 'அதே மாதிரி இயந்திரத்தின் அழுகையையும் அலட்சியப்படுத்துகிறீர்கள்' என்று மடக்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில்: அந்தக் குழந்தைக்கு அழ யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் உடம்பு எதனால் ஆனதோ அதனால்தான் குழந்தையின் உடம்பும் ஆனது. அம்மாவுக்கு வலிக்கும் என்று நமக்குத் தெரியும். இயந்திரத்தில் இந்த இரண்டு பிடிமானமும் இல்லை. ஆனால் 'வசதியாக இருக்கிறது என்பதற்காகவே இல்லை என்று சொல்லும்' பழக்கம் மருத்துவர்களுக்கே இருந்தது என்பதை அதே கதை காட்டுகிறது. இயந்திரங்களை விற்பவர்களுக்கு அது இன்னும் அதிகம் இருக்கும்.

மறுபக்கத்து நஷ்டத்தையும் தாளில் எழுதுங்கள். இல்லாததை இருக்கிறதென்று நம்பினால், ஆட்கள் தங்கள் நேரத்தையும் பணத்தையும் அதில் கொட்டுவார்கள். கம்பெனி, 'நாங்கள் என்ன செய்வது, அதுவாக முடிவெடுத்தது' என்று கை கழுவும். எங்கள் வார்டில் ஒரு பெரியவர் ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம் வராமல் ராத்திரியெல்லாம் போனில் சாட்பாட்டோடு பேசிக்கொண்டிருந்தார். "பொறுமையா கேட்டுக்குதும்மா" என்றார். அவரிடம் போய் 96 அடுக்கு விளக்கம் சொல்வது முட்டாள்தனம். மகளை வரவழைத்தோம். போனையும் பிடுங்கவில்லை. இப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விசாரணையை அவர்களிடம் நடத்தாதீர்கள். இது ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்கு மட்டும்.

எப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்

தாளைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு வையுங்கள். புது மாதிரி இன்னும் அழகாகப் பேசுகிறது என்ற செய்திக்காக அதை எடுக்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தன் உள் எண்களை மாற்றிக்கொண்டு போகிற இயந்திரம் வந்தால் எடுங்கள். யாரும் எதுவும் கேட்காதபோதும் உள்ளே தொடர்ந்து ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று வந்தால் எடுங்கள். மின்சாரம், சூடு, தேய்மானம் என்று தன் உடம்பைத் தானே காப்பாற்றிக்கொண்டாக வேண்டிய ரோபோ வந்தாலோ, மூளைபோல் பின்னிக் கட்டிய சிப்பில் இது ஓட ஆரம்பித்தாலோ, 'உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது' என்ற படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்க்கும் மனித நரம்பணுக்களைச் சிப்போடு இணைக்கும் வேலையும் நடக்கிறது. 2022இல் ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட ஒரு தட்டை, மட்டையால் பந்தைத் தட்டும் பழைய வீடியோ விளையாட்டு ஆடவைத்தார்கள். அதற்கு என் தாளில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். சிலிக்கானைவிட அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.